3000, 10000 நம்பர் தீட்டுக் கல், சாணை மிஷின்: வாங்கலாமா?

கேள்வி (கோத்தகிரி)
1000/6000 வாட்டர் ஸ்டோன் (தண்ணி விட்டுத் தீட்டுற கல்; ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000, நம்பர் கூடக் கூட நைசு), 400 டைமண்ட் பிளேட், பிளேடை ஒரே கோணத்துல நிறுத்த பக்கவாட்டில் பிடிக்கும் கைடு, தோல் பட்டை எல்லாம் இருக்கு. இழைப்புளி பிளேடு 50 மி.மீ. அகலம். 6000-ல் தீட்டின பிறகும் ரெண்டு மூலைதான் பளபளக்குது, நடுவுல மங்கல். சில்வர் ஓக் பலகை பிய்யுது. 3000, 10000 கல்லும், தண்ணியில மெதுவா சுத்துற சாணை மிஷினும் வாங்கினா சரியாகுமா? கல் எப்பவும் பக்கெட் தண்ணியிலதான் கிடக்கு.

பதில் 1 (குன்னூர்)
எதுவும் வாங்காதீங்க. உங்க கல்லு நடுவுல குழிஞ்சிருக்கு. குழிக் கல்லுல மூலைகள் முதல்ல தேயும், நடுப்பகுதி கல்லையே தொடாது. இதே பழக்கத்தோட 10000 வாங்கினா அதுவும் குழியும்.

கல் மேல பென்சிலால கட்டம் போடுங்க. தண்ணி விட்டு டைமண்ட் பிளேட்டால தேய்ங்க. நடுவுல கோடு அழியாம நின்னா குழிதான். மொத்தக் கோடும் அழியுற வரை தேய்ச்சு, மறுபடி கட்டம் போட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் செய்யணும். டைமண்ட் பிளேட் வீணாகும்னு தோணினா 10 மி.மீ. கண்ணாடி மேல 220 வாட்டர் பேப்பர் ஒட்டித் தேய்க்கலாம். ஆனா முடிச்சதும் கல்லை நல்லா கழுவுங்க. ஒரு 220 மணல் 6000-ல் ஒட்டியிருந்தாலே பிளேடு முழுக்க கீறல்.

பதில் 2 (கொடைக்கானல்)
மேல சொன்னது சரி. அடுத்து, 1000-ல் பிசிறு (விளிம்புல மடிஞ்சு நிக்கிற மெல்லிய இரும்பு) வர்றதுக்கு முன்னாடி 6000-க்குப் போகாதீங்க. பிளேடோட முதுகுப் பக்கம் (சாய்வு இல்லாத தட்டைப் பக்கம்) விரல் நகத்தை விளிம்பை நோக்கி இழுத்தா, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தடுக்கணும். நடுவுல தடுக்கலைன்னா இன்னும் தேய்க்கணும். 1000-க்கு அடுத்து 6000 தாராளமா போதும், இடையில 3000 தேவையில்ல.

உங்க கைடு ஈக்ளிப்ஸ் பிராண்ட் மாதிரின்னா இழைப்புளி பிளேடை கைடுக்கு வெளியே 38 மி.மீ. விட்டா 30 டிகிரி, 50 மி.மீ. விட்டா 25. உளிக்கு 30 மி.மீ. விட்டா 30 டிகிரி, 40 மி.மீ. விட்டா 25. மரக்கட்டையில ரெண்டு தடுப்பு அடிச்சு வச்சா ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டாம். 25-ல் சாய்வு, விளிம்புல மட்டும் 30-ல் மெல்லிய பட்டை. அடுத்த தடவை அந்தப் பட்டையை மட்டும் தீட்டினா வேலை சட்டுனு முடியும்.

ஆணியில பட்டு விளிம்பு உடையுற வேலை அடிக்கடி இருந்தா மட்டும் மிஷின் வாங்கலாம்.

பதில் 3 (ஊட்டி)
பலகை பிய்யுறதுக்கு கூர் மட்டும் காரணமில்ல. சில்வர் ஓக்ல குறுக்குக் கதிர்கள் (மரத்தோட நடுவுலருந்து வெளிப்பக்கம் போற பட்டைகள்) அகலம். கதிர்ப் புள்ளி தெரியுற முகத்துல சீவல் அங்கேயே எழும்பும். கேப் அயர்னை (பிளேடு மேல திருகி வைக்கிற இரும்புத் தகடு) விளிம்புலருந்து 0.3 மி.மீ. வரை நெருக்குங்க. பிளேடுக்கும் அதுக்கும் இடையில வெளிச்சம் தெரியக்கூடாது, தெரிஞ்சா சீவல் நுழைஞ்சு அடைக்கும். நார் ஏறுற திசையையும் பார்த்து இழைங்க.

பக்கெட் பழக்கத்தை விடுங்க. சில கல்லோட பசை ஊறி இளகிடும். தலைகுந்தா பக்கம் மாதிரி உறைபனி விழுற இடத்துல, ஜனவரி ராத்திரி ஈரக் கல் உறைஞ்சு வெடிக்கும். பயன்படுத்தினதும் துடைச்சு, நிழலில் உலர்த்தி, வீட்டுக்குள்ள வைங்க. மூடுபனி நாள்ல பிளேடு சீக்கிரம் துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் இந்தக் குளிருக்குக் கட்டியாகிடும், தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு தடவுங்க.