வேளாங்கண்ணிக்கு நடப்பது பக்தியா, பழக்கமா?

சீர்காழிக்காரன்:
ஆகஸ்ட் 29 கொடியேற்றம் நெருங்கிவிட்டது. இனி செப்டம்பர் 8 வரை எங்கள் பக்கத்துச் சாலையெல்லாம் காவிதான். நடப்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் போன வருடம் எங்கள் தெருவில் தங்கிய ஒரு கூட்டத்தில் பார்த்தேன்: சப்பரத்தில் மாதா சுரூபம், சுற்றிலும் சீரியல் பல்பு, பக்கத்தில் ஸ்பீக்கர். செபமாலை அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. சொல்ல வேண்டியவர்கள் படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்கிறார்கள். ஜெபத்தை மெஷின் செய்தால் இவர்கள் எதற்கு? உங்கள் பண்டிகைகள் எனக்குச் சுமை என்று ஏசாயா முதல் அதிகாரத்தில் கர்த்தர் சொன்னது யாருக்காம்?

பூண்டி மருமகள்:
பிரதர், நாள் முழுக்க வெயிலில் நடந்து, கொப்புளக் காலோடு வந்து விழுந்தவன் அரை மணி நேரம் போன் பார்த்தால் பக்தி போய்விடுமா? என் மாமியார் நடவு வயலிலேயே செபமாலை சொல்வார். 53 அருள் நிறைந்த மரியே. கையில் மணி இருக்காது, நாற்றும் சேறும்தான். சொந்தமாகச் செபிக்கச் சொன்னால் அவருக்கு வார்த்தை வராது. மூத்த மகன் செத்த அன்று வீட்டில் யாருக்கும் வாய் திறக்க முடியவில்லை. அவர்தான் ஆரம்பித்தார். மனப்பாடமாக இருந்ததால்தான் முடிந்தது. இயேசுவே தன் வழக்கப்படி ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்துக்குப் போனார் என்று லூக்கா எழுதவில்லையா? இரத்தப்போக்குடைய பெண் ஆடையின் ஓரத்தைத் தொட்டதை மூடநம்பிக்கை என்று அவர் விரட்டினாரா?

சீர்காழிக்காரன்:
உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்றுதான் சொன்னார். வஸ்திரம் இரட்சித்தது என்று சொல்லவில்லை. உங்கள் மாமியாரிடம் எனக்கு வழக்கே இல்லை சிஸ்டர். நான் கேட்பது நேர்ச்சையைப் பற்றி. மகனுக்கு வேலை கிடைத்தால் மணலில் முட்டி போட்டு வருகிறேன், வீடு முடிந்தால் வெள்ளியில் ஒரு வீடு வாங்கிப் போடுகிறேன். இது பேரம்.

கடலோரத்து லுத்தரன்:
பேரம் உங்கள் சபையில் இல்லையா? காணிக்கை போட்டேன், கார் கொடுத்தார் என்று மைக்கில் சாட்சி சொல்வதற்கு என்ன பெயர்? நாங்களும் யோக்கியம் இல்லை. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்திலிருந்து வந்தவர். லுத்தரன் சபையே வெறும் சடங்காகக் காய்ந்துபோனது என்று லுத்தரன்களே கிளப்பிய இயக்கம் அது. அந்த வழியில் வந்த நாங்கள் என்ன செய்கிறோம்? விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் ஒரு அறுப்பின் பண்டிகையில் பார்த்தேன். ஒரு பூவன் தாரை எட்டாயிரத்துக்கு எடுத்தவர், மைக்கில் தன் பெயர் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லவைத்தார். தார் அவ்வளவு பழுக்கவும் இல்லை.

வடவாற்றங்கரை:
ஏசாயாவை எடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பண்டிகை சுமை என்றதோடு முடியவில்லை. நன்மை செய்யப் படியுங்கள், நியாயத்தைத் தேடுங்கள் என்று அதே அதிகாரம் போகிறது. சபைக்குள் சாதியை உடனே விடவேண்டும் என்று கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் எழுதினார். தஞ்சாவூரில் பலர் என்ன செய்தார்கள்? சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். லுத்தரன் பக்கம் போனவர்களும் உண்டு அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கத்தோலிக்கர்களுக்குத் திருச்சி மேலப்புதூரில் சாதி பார்த்துக் கல்லறையைப் பிரித்துக் கட்டிய சுவரை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. என் அம்மா ஊரில் திருவிழாத் தேர் எங்கள் தெருமுனை வரை வரும், அங்கேயே திரும்பிவிடும். பெண்கள் மெழுகுதிரியோடு முனைக்கே போய் நின்று கும்பிட்டுவிட்டு வருவார்கள். இதை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

பூண்டி மருமகள்:
தேர் உள்ளே வராதது அநியாயம், அதற்கு நான் சால்ஜாப்பு சொல்லமாட்டேன். ஆனால் தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருக்காரர்கள் தேரே வேண்டாம் என்கிறார்களா, எங்கள் தெருவுக்கும் வரவேண்டும் என்கிறார்களா?

வடவாற்றங்கரை:
வரவேண்டும் என்றுதான் அக்கா. பஞ்சாயத்து, மனு எல்லாம் போட்டாயிற்று. அது வெறும் சடங்கு என்றால் எங்கள் ஆட்கள் எதற்கு வருடா வருடம் அடி வாங்கவேண்டும்? அதனால்தான் இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் எனக்கு ஒட்டவில்லை. தேரை இழுப்பவனுக்குத்தான் அது வெற்றுச் சடங்கு, முனையில் நிற்பவளுக்கு இல்லை. தேர் வரட்டும், அப்புறம் கல்லறையையும் கேட்போம்.

சீர்காழிக்காரன்:
தேர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் பிரதர். எங்கள் சபையில் எல்லோருக்கும் ஒரே பாய், ஒரே பந்தி. பெண் பார்க்கும்போது முதலில் என்ன விசாரிக்கிறோம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நேர்ச்சையைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.