பழைய ஒர்க்‌ஷாப்ப கலைக்கூடமா மாத்தப் போறோம், மொதல்ல எதுல கை வைக்கணும்?

கொருக்குப்பேட்டை_காத்தாடி

வணக்கம் மக்களே. வடசென்னைல எங்க ஏரியால வெள்ளக்காரன் காலத்து இன்ஜினியரிங் ஒர்க்‌ஷாப் ஒண்ணு ரொம்ப வருஷமா பூட்டியே கெடக்கு. செங்கல் செவுரு, சுண்ணாம்பு கட்டு, உள்ள கூரைய தாங்குற, ரிவெட் அடிச்ச இரும்பு ட்ரஸ், மேல பாதி ஓடு பாதி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், லேத் நின்ன மேடை கூட அப்டியே இருக்கு. ஓனர் பெரியவருக்கு இடிச்சி ஃப்ளாட் கட்ட மனசில்ல, பேருக்கு ஒரு வாடகை வச்சி எங்க மன்றத்துக்கு குடுக்கறேன்னு சொல்லிட்டாரு. கானா, பறை, கூத்து, பசங்களுக்கு ட்ராயிங், போட்டோ கண்காட்சி எல்லாம் ஒரே எடத்துல நடத்தணும்னு ஆச. காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் செவுரு ஃபுல்லா மியூரல் அடிக்கலாம்ங்கறாங்க, மேஸ்திரி மொதல்ல மொத்தமா சிமெண்ட் பூசிடலாம்ங்கறாரு. கைல காசு கம்மி, எத மொதல்ல பாக்குறது?

சுண்ணாம்பு_காரை

ப்ரோ, மேஸ்திரி சிமெண்ட் மூட்டை எறக்கறதுக்கு முன்னாடி போன் போட்டு நிறுத்துங்க. சுண்ணாம்புல கட்டுன செவுரு ஈரத்த இழுத்து இழுத்து வெளிய விட்டுகிட்டே இருக்கும், மேல சிமெண்ட் பூசிட்டா அந்த ஓதம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு செங்கல்ல அரிக்கும், நம்ம பக்கம் கடக்காத்து வேற, நாலு மழைக்குள்ள உப்பு பூத்து பூச்சோட சேத்து செங்கல் முகமும் பொரிஞ்சி கொட்டும். காரை விழுந்த எடத்துல மட்டும் சுண்ணாம்பு காரையே பூசுங்க, மிச்சத்துக்கு சுண்ணாம்பு வெள்ளை அடிச்சா போதும். மியூரலுக்கு அடிக்கற பிளாஸ்டிக் பெயிண்ட்டும் ஈரத்த அடைக்கத்தான் செய்யும், அவ்ளோ ஆசைன்னா தனி பலகைல வரைஞ்சி மாட்டுங்க.

ட்ரஸ்ஸ ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஏணி போட்டு ஏறி பாக்கணும், முக்கியமா செவுத்துக்குள்ள போற முனை, துரு அங்கதான் ஒளிஞ்சிருக்கும். கீழ நின்னு போன்ல ஜூம் பண்ணி பாத்துட்டு சர்டிபிகேட் குடுக்கறவங்க இருக்காங்க, அவங்க வேணாம். லைட்டு ஸ்பீக்கர் ட்ரஸ்ல தொங்க விடுவீங்கன்னா அதையும் இப்பவே சொல்லிடுங்க.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்ட ஒடைக்காதீங்க, ட்ரில் போடாதீங்க, காஞ்ச தொடப்பத்தால பெருக்காதீங்க, அந்த தூசி நுரையீரல்ல போய் உக்காந்து பல வருஷம் கழிச்சிதான் வேலைய காட்டும். எறக்கணும்னா தண்ணி அடிச்சி நனைச்சி முழுசு முழுசா, தெரிஞ்ச ஆள வச்சி. மன்றத்து பசங்கள சிரமதானம்னு ஏத்தி விட்டுடாதீங்க. பழைய இரும்பு பெயிண்ட்டயும் சுரண்ட வேணாம், அதுல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், நீங்க சின்ன பசங்கள கூட்டிட்டு வரப்போற எடம்.

பத்திர_ஆபீஸ்_வாசல்

மேல சொன்னதெல்லாம் கரெக்ட்டு, ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி பேப்பரு. பெரியவர் வாக்கு பெரியவர் இருக்கற வரைக்கும்தான். நாங்க வேற ஏரியால ஒரு குடோன எடுத்து தரை போட்டு கரண்ட் இழுத்து ஜம்முனு ஆக்குன அப்புறம் ஓனரோட பையன் வந்து காலி பண்ணுங்கன்னாரு, கைல இருந்தது 11 மாச அக்ரிமெண்ட், வாயே தொறக்க முடியல. 1 வருஷத்துக்கு மேல போற லீஸ்னா ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், செலவுன்னு பாத்து தவிர்க்காதீங்க, வாரிசுங்க கையெழுத்தும் வாங்குங்க. மன்றம் சொசைட்டியா பதிவாயிருக்கான்னும் பாருங்க, இல்லன்னா யார் பேர்ல லீஸ் போடுவீங்க?

அப்புறம் தொழிற்சாலையா இருந்த எடத்துல ஜனங்கள கூட்டுறீங்கன்னா உபயோக மாற்றத்துக்கு சிஎம்டிஏ, பொது கட்டட லைசென்ஸ், ஃபயர் சர்வீஸ் எல்லாம் பாக்கணும். சலிச்சிக்காதீங்க, மும்பைல கமலா மில்ஸ் தெரியும்ல, பழைய மில் காம்பவுண்டு, 2017 டிசம்பர்ல மாடி ஹோட்டல்ல தீ புடிச்சி 14 பேர் போயிட்டாங்க. உங்களுக்கு ரெண்டு வாசலாவது வேணும், ரெண்டும் வெளிப்பக்கமா தொறக்கணும். எதிரொலிக்குதுன்னு செவுத்துல ஸ்பாஞ்ச் ஒட்டிடாதீங்க, பத்துனா அந்த புகைலயே ஆள் காலி.

சட்டி_பறை

அண்ணே நான் வாசிக்கறவன், அந்த பக்கத்துலேர்ந்து சொல்றேன். எங்களுக்கு மேடை பஞ்சம் இல்ல, சென்னை சங்கமம் திருவிழா அது இதுன்னு வருஷத்துக்கு ஒரு வாட்டி கூப்டுவாங்க, சால்வ போட்டு அனுப்பிடுவாங்க. மிச்ச நாள் ப்ராக்டிஸ் பண்ண எடம்தான் கெடையாது. பீச்சுல வாசிச்சா தொரத்துறாங்க, வீட்ல வாசிச்சா பக்கத்து வூட்டு கொழந்த எழுந்துக்குது. அதனால விழா பிளான்லாம் அப்புறம், சாயங்காலம் 5லேர்ந்து 9 வரைக்கும் தெனம் தொறந்து வைங்க, அது போதும். பறைய காய்ச்ச நெருப்பு போட கொஞ்சம் தெறந்தவெளி வேணும், உள்ள போட முடியாது, பின்னாடி முற்றம் இருந்தா அத கார் பார்க்கிங் ஆக்கிடாதீங்க. ராத்திரி 10க்கு மேல ஸ்பீக்கர் சட்டப்படியே கூடாது, அந்த டைம மட்டும் மீறாதீங்க, ஒரு கம்ப்ளைண்ட் போனா மொத்தத்துக்கும் பூட்டு விழும்.

சாவி நம்மாளுங்க கைல இருக்கணும். கண்காட்சி பொறுப்பாளர், கியூரேட்டர்னு ஒருத்தர் அடையார்லேர்ந்து வந்து தொறந்து விடுற வரைக்கும் நாங்க வாசல்ல நிக்கிற கதை வேணாம் சாமி.

பின்னி_காக்கி

தம்பி, எங்கப்பா பெரம்பூர் பின்னி மில்லுல நெசவு செக்‌ஷன். 1876ல ஆரம்பிச்ச பக்கிங்ஹாம் மில்லும் அப்புறம் வந்த கர்னாடிக் மில்லும் சேந்ததுதான் அது, 1996ல மூடுனாங்க, அதுக்கப்புறம் கொஞ்ச காலம் சினிமா ஷூட்டிங்குக்கு செட் போடுற எடமாச்சு, இப்ப அடுக்குமாடி. அவ்ளோ பெரிய எடத்துல தொழிலாளிக்குன்னு ஒரு ரூம் கூட மிச்சமில்ல. உங்களுக்கு ஒண்ணு சிக்கியிருக்கு, அதுல வேல செஞ்சவங்க இன்னும் அக்கம்பக்கத்துல இருப்பாங்க, அவங்க உக்காந்து பேசுறத ரெக்கார்ட் பண்ணுங்க, மொத கண்காட்சி அதுவா இருக்கட்டும்.

வரலாறு எழுதி மாட்டுறதா இருந்தா முழுசா மாட்டுங்க. 1918ல இந்த மில் தொழிலாளிங்களுக்காக பி.பி.வாடியா, திரு.வி.க எல்லாம் சேந்து சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சத எல்லாரும் பெருமையா எழுதுவாங்க. இதே மில்லுல நடந்த 1921 ஸ்டிரைக்ல, பக்கத்து புளியந்தோப்புல ஆதிதிராவிடர் குடிசைங்க எரிஞ்சத எழுத மாட்டாங்க. அந்த வீடுங்களோட பேரப்புள்ளைங்கதான் இன்னிக்கி உங்க கூடத்துல வந்து பறை வாசிக்கப் போறாங்க.

கொருக்குப்பேட்டை_காத்தாடி

எல்லாருக்கும் பெரிய நன்றி. அண்ணே, அப்பாவோட பழைய ஆளுங்க யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, வந்து பாக்குறேன். மியூரல் டீம்கிட்ட பலகை மேட்டர சொன்னேன், மூஞ்சி சுருங்கிடுச்சி, ஒத்துப்பாங்க. பத்திர ஆபீஸ் அண்ணா சொன்ன மாதிரி மொதல்ல சொசைட்டி பதிவு. ஒரு டவுட்டு, செலவுக்கு முன்பக்கம் ஒரு காஃபி ஷாப்புக்கு விட்டா வாடகை வருமே, தப்பா?

ஏழாங்கிணறு_பொண்ணு

காஃபி ஷாப் தப்பில்ல, காப்பி 180 ரூபான்னா தப்பு. யார் உள்ள வரலாம்னு அந்த போர்டுலயே எழுதுன மாதிரி ஆயிடும். டீ ஸ்டாலுக்கு குடுங்க, வாடகை கம்மியா வந்தாலும் ஏரியா ஜனம் உள்ள வரும்.

இவ்ளோ பேர் எழுதிட்டீங்க, ஒருத்தர் கூட டாய்லெட் பத்தி பேசல பாத்தீங்களா. லேடீஸ் டாய்லெட் தாழ்ப்பாளோட, தண்ணியோட, வாசல்லேர்ந்து அங்க போற வழி ஃபுல்லா லைட்டோட இல்லன்னா எங்க வீட்ல எந்த பொண்ணையும் சாயங்காலம் க்ளாஸுக்கு அனுப்ப மாட்டாங்க. இன்னொண்ணு, 2023 மிக்ஜாம் புயல்ல உங்க தெருவுல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு பக்கத்து வீட்ல கேட்டு செவுத்துல கோடு போடுங்க, ஸ்விட்ச் போர்டு, இன்ஸ்ட்ருமெண்ட் வைக்கற அலமாரி எல்லாம் அந்த கோட்டுக்கு மேல வரட்டும். எலக்ட்ரீஷியன் வர்றதுக்கு முன்னாடியே கோடு போட்டுடுங்க, வந்தா அவரு பாட்டுக்கு முட்டி ஒசரத்துல பாயிண்ட் வச்சிட்டு போயிடுவாரு.