பித்தக்குழாய் மறையும் நோய்: காமாலை இறங்கும்வரை கீமோவைத் தள்ளிப்போடலாமா?

வைகைக்கரை:
என் மச்சானுக்கு 34 வயது. இரண்டு மாதமாகக் காமாலை, ராத்திரியெல்லாம் அரிப்பு. ஸ்கேனில் அடைப்பு எதுவும் இல்லை. கழுத்துக் கட்டியை எடுத்துப் பார்த்ததில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய், கல்லீரல் பயாப்ஸியில் சிறு பித்தக்குழாய்களையே காணோம். கட்டியில் எப்ஸ்டீன்-பார் வைரஸும் இருக்கிறதாம். காமாலையைக் காட்டும் பிலிருபின் 16. முதலில் வைரஸுக்கு மருந்து கொடுத்து, காமாலை இறங்கின பிறகு கீமோ தொடங்குவதுதான் சரி என்கிறேன்.

செவிலி_கவி:
எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த வைரஸ் உடம்பில் இருக்கிறது, கட்டியில் அது தூங்குகிற நிலையில் இருப்பதால் அசைக்ளோவிர் மாதிரி வைரஸ் மருந்து வேலை செய்யாது. சைட்டோமெகலோ வைரஸ் என்றால் பேச்சே வேறு, அதற்கு கான்சிக்ளோவிர் உண்டு, அந்தப் பரிசோதனையைக் கட்டாயம் கேளுங்கள். 1993-இல் பர்மிங்ஹாம் மருத்துவர்கள் மூன்று ஹாட்ஜ்கின் நோயாளிகளிடம் இதே குழாய் இழப்பைப் பார்த்து எழுதினார்கள். புற்றுநோய் உள்ளே இருக்கிறவரை காமாலை எப்படி இறங்கும்?

முத்து74:
கவி, சொல்வது சுலபம். டாக்ஸோரூபிசின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகள் இரண்டும் பெரும்பாலும் பித்தம் வழியாகத்தான் வெளியேறும். வெளியேற வழியே இல்லாத உடம்பில் முழு அளவு ஏற்றினால் ரத்த அணுக்கள் சரிந்து கிருமித் தொற்று வந்துவிடும். என் தம்பியை அப்படித்தான் இழந்தோம். கல்லீரல் கொஞ்சம் தேறட்டும், பித்தம் ஓட உதவுகிற அர்சோடீஆக்சிகோலிக் அமில மாத்திரை கொடுத்துப் பாருங்கள்.

செவிலி_கவி:
உங்கள் தம்பி விஷயம் கேட்டு மனசு கனக்கிறது அண்ணா. முழு அளவு வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்த மாத்திரை குழாயைத் திரும்ப வளர்க்காது, சிலருக்கு அரிப்பு குறையலாம், அவ்வளவுதான். ஸ்டீராய்டில் ஆரம்பித்து, கல்லீரலை அதிகம் நம்பாத மருந்துகளாகப் பார்த்து, மற்றதை அளவு குறைத்துக் கொடுக்கிறார்கள். புற்றுநோய் அடங்கினதும் சில மாதங்களில் காமாலை தானாக வடிந்தவர்கள் உண்டு.

முத்து74:
அடங்கின பிறகும் கல்லீரல் செயலிழந்து போனவர்களும் உண்டே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

செவிலி_கவி:
உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் நாளைக் கடத்த வேண்டாம் என்கிறேன்.

வைகைக்கரை:
வைரஸை விட்டுவிடுகிறேன். நாளைக்குப் புற்றுநோய் மருத்துவர், கல்லீரல் மருத்துவர் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, குறைந்த அளவில் எதை முதலில் தொடங்கலாம் என்று கேட்கப் போகிறோம். அப்புறம், வீட்டில் கொடுத்துக்கொண்டிருந்த கீழாநெல்லியையும் சொல்லிவிட வேண்டுமா?

முத்து74:
கட்டாயம் சொல்லுங்கள் தம்பி. இன்றைக்கே நிறுத்தியும் விடுங்கள்.