டர்பனில் தவறான கைது: வழக்கு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் அக்கா மகனை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாரண்ட் இல்லாமல் பிடித்துப்போய், திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்தாமலேயே "வேற ஆள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், பெல்ட்டும் ஷூ லேசும் பிளாஸ்டிக் பையில் திரும்பி வந்தன, போன் வரவே இல்லை. பிடித்தவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்ற விதியைப் பற்றிக் கேட்டால், சனி ஞாயிறு குறுக்கே வந்தால் அடுத்த கோர்ட் நாள் வரை வைத்திருக்கலாம் என்கிறார்கள். அது சட்டப்படி சரிதான். ஆனால் நியாயமான சந்தேகமே இல்லாமல் பிடித்திருந்தால் கைதே செல்லாதே! நஷ்டஈட்டு வழக்கு போலீஸ் அமைச்சர் மேல்தான் போட வேண்டும், அதற்கு 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்பது வரை தெரியும். ஜெயித்தால் மட்டும் ஃபீஸ் வாங்கும் வக்கீல் டர்பன் பக்கம் யார் நல்லவர்? லாக்கப் ரிஜிஸ்டர் நகலை எப்படி வாங்கினீர்கள்?

அப்புறம் இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பையன் கடைத் திருட்டு கேஸில் குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டான், இதுதான் முதல் தடவை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 276ஆம் பிரிவில் ஜெயிலுக்குப் பதிலாக வீட்டிலிருந்தே கண்காணிப்பில் கழிக்கும் தண்டனை, அதிகபட்சம் 3 வருஷம், உண்டல்லவா? அதற்கு முன்கூட்டியே வேண்டிய நன்னடத்தை அல்லது சிறைத்துறை அதிகாரியின் ரிப்போர்ட்டை இலவச சட்ட உதவி வக்கீலே கேட்டு வாங்குவாரா, இல்லை நாம்தான் நச்சரிக்கணுமா? அனுபவப்பட்டவர்கள் இன்பாக்ஸில் வந்தாலும் சரி.