வெயிலில் பிரிந்துபோகும் முகக்களிம்பு

கேள்வி (மயிலாப்பூர்): தேங்காய் எண்ணெயும் பன்னீரும் கலந்து, தேன்மெழுகு சேர்த்துச் செய்த களிம்பு, சென்னையின் மே மாத வெயிலில் இரண்டே நாளில் எண்ணெய் வேறு, நீர் வேறாகப் பிரிந்துவிட்டது. தாவரத்திலிருந்து கிடைக்கும் பால்மமாக்கி (எண்ணெயும் நீரும் பிரியாமல் பிணைத்து வைக்கும் பொருள்) எதைச் சேர்க்கலாம்?

பதில்: தேன்மெழுகு கெட்டிப்படுத்துமே தவிர, தனியாக இரண்டையும் பிணைத்து வைக்காது. சோயா லெசித்தினின் மூலக்கூறில் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடுவதால் அது பிணைக்கும். ஆயினும் அதன் பிசுபிசுப்பு நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஏற்றதன்று என்பது என் கருத்து.

மற்றொரு பதில்: ஆலிவ் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து பெறப்படும் ‘செட்டியரில் ஆலிவேட்’, ‘சார்பிட்டான் ஆலிவேட்’ என்ற இரு பொருள்களின் பால்மமாக்கிக் கலவையை மொத்த எடையில் 5 சதவீதம் எடுத்து, எண்ணெயோடு 75 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, அதே சூட்டிலுள்ள பன்னீரைச் சேர்த்து, ஆறும்வரை கலக்குங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. வைட்டமின் ஈ சேர்த்தால் கெடாமல் இருக்குமா?

பதில்: அது எண்ணெய் சிக்கடிப்பதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நீர் உள்ள களிம்பில் பூஞ்சை வளருமாதலால், தனியே ஒரு பதப்பொருள் கட்டாயம் வேண்டும்.