மூன்று பேர் உள்ள வரி ஆபீசுக்கு எந்த கிளையன்ட் மென்பொருள் வாங்கலாம்?

சாட்ஸ்வொர்த் கணக்கு:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சின்ன வரி, கணக்கு ஆபீஸ் நடத்துகிறேன். நான், தங்கை, உதவிக்கு ஒரு பெண், அவ்வளவுதான். கிளையன்ட் இருநூறுக்கு மேல். பாதிப்பேர் சம்பளக்காரர்கள், வரி சீசன் திறந்ததும் ஒரே கூட்டமாக வருவார்கள். மிச்சம் கடைக்காரர்கள், பிளம்பர், கேட்டரிங், ரெண்டு மூணு பேர் சேர்ந்து நடத்தும் கம்பெனிகள். இவர்களுக்கு வாட் (விற்பனை மீதான வரி), பேயி (வேலையாட்கள் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் வரி), ப்ரொவிஷனல் வரி (முன்கூட்டியே கட்டும் வருமான வரி), சிஐபிசி (கம்பெனிப் பதிவு அலுவலகம்) வருடாந்திர ரிட்டர்ன் எல்லாம் நாங்கள்தான் பார்க்கிறோம்.

இப்போதைக்கு எல்லாம் எக்செலிலும் வாட்ஸ்அப்பிலும் கிடக்கிறது. யார் ஐஆர்பி5 (முதலாளி தரும் சம்பள, வரிச் சான்றிதழ்) அனுப்பிவிட்டார், யார் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) சான்றிதழ் இன்னும் தரவில்லை என்று பார்க்க மூன்று பேருடைய போனையும் வாங்கித் தேட வேண்டியிருக்கிறது. மென்பொருள் விற்பவர்கள் வந்து டெமோ காட்டுகிறார்கள், எல்லாம் 'டீல்', 'பைப்லைன்' என்றே இருக்கிறது, எங்கள் வேலைக்கு எங்கே பொருந்துகிறது என்று புரியவில்லை. தங்கை பாதி நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறாள், அவளும் பார்க்க முடிய வேண்டும். பெரிய செலவு முடியாது. இதே தொழிலில் இருப்பவர்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

பீனிக்ஸ் அக்கா:
தம்பி, நானும் இதே தொழில்தான், அதனால் நீளமாகவே சொல்கிறேன். ஹப்ஸ்பாட், ஸோஹோ மாதிரி சிஆர்எம் (வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருள்) எல்லாம் நல்லவைதான், ஸோஹோவில் மூன்று பேர் வரை இலவசப் பதிப்பும் உண்டு. ஆனால் அவை புது ஆளைப் பிடித்து வியாபாரம் முடிக்கிற வேலைக்காக எழுதப்பட்டவை. உங்களுக்கு ஆள் பிடிக்கிற கவலை இல்லை. வருஷா வருஷம் அதே ஆள் வருகிறார், அவருக்கு எந்தத் தேதிக்குள் எதை அனுப்ப வேண்டும், அவரிடமிருந்து எந்தக் காகிதம் வரவில்லை, இதுதான் கவலை. எனவே தேடும்போது சிஆர்எம் என்று தேடாதீர்கள். திரும்பத் திரும்ப வரும் வேலைகளைத் தானாகப் போட்டுத் தருகிற வேலைப்பட்டியல் மென்பொருளைத் தேடுங்கள்.

டெமோ காட்ட வருகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஜூனில் கணக்கு ஆண்டு முடியும் ஒரு கம்பெனி, வாட் பி பிரிவு, நாலு வேலையாட்கள். இதை உள்ளே போட்டால் தேதிகள் தானாக வருமா? பேயி ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள், 7ஆம் தேதி சனி ஞாயிறில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலை நாள். வாட் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இஃபைலிங்கில் (வரித்துறையின் இணையதளம்) போடுவதால் மாதக் கடைசி வேலை நாள் வரை. முதல் ப்ரொவிஷனல் டிசம்பர் முடிவில், இரண்டாவது ஜூன் முடிவில். பிப்ரவரியில் ஆண்டு முடிகிற கிளையன்டுக்கோ ஆகஸ்டும் பிப்ரவரியும். சிஐபிசி தேதி இது எதோடும் ஒட்டாது, கம்பெனி பதிவான நாளை வைத்து வரும். இதை ஒவ்வொரு கிளையன்டுக்கும் கையால் அடிக்கத்தான் வேண்டும் என்றால் எக்செலே போதும், அதற்கு மாதாமாதம் காசு கொடுக்க வேண்டாம். வாட்டோ பேயியோ பிந்திக் கட்டினால் 10 சதவீதம் அபராதம், அதைக் கிளையன்ட் நம்மிடம்தான் கேட்பார்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய தொல்லை, பெயர். கோவெண்டர் என்று தேடினால் திரை நிறைய வரும், நாயுடுவும் பிள்ளையும் அப்படியே. ஒரே வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் முதல் எழுத்து ஒன்றாக இருக்கும், மூட்லி என்பதையே ரெண்டு மூணு விதமாக எழுதுவார்கள். ஆகவே 13 இலக்க அடையாள எண்ணையும் 10 இலக்க வரி எண்ணையும் வைத்துத் தேட முடிகிறதா, ஒரே எண்ணை இரண்டு தரம் போட்டால் மென்பொருள் தடுக்கிறதா என்று பாருங்கள். கணவன், மனைவி, அவர்களுடைய கம்பெனி மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டவும் வேண்டும், ஏனென்றால் போன் பண்ணுகிறவர் எப்போதும் ஒருவர்தான். இந்த ஒரு வசதிக்காகவே நான் மற்றதை எல்லாம் விட்டுக்கொடுப்பேன்.

மாரிட்ஸ்பர்க் வக்கீல்:
பீனிக்ஸ் அக்கா சொன்னது சரி. சட்டப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். போபியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கிளையன்டின் அடையாள எண், சம்பள விவரம், மெடிக்கல் எய்ட் காகிதம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு உங்கள் ஆபீஸ்தான். மென்பொருள் கம்பெனி உங்களுக்காக அதை வைத்திருக்கிற ஆபரேட்டர் மட்டுமே. அவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், பாதுகாப்பில் ஓட்டை விழுந்தால் உடனே உங்களுக்குச் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். தகவல் வெளிநாட்டு சர்வரில் இருப்பது தானாகவே குற்றம் ஆகாது, ஆனால் அங்கேயும் இதே அளவு பாதுகாப்பு வேண்டும் என்று 72ஆம் பிரிவு கேட்கிறது. ஆபீசின் தலைவர் என்ற முறையில் இன்ஃபர்மேஷன் ஆபீசர் (இந்தச் சட்டத்துக்குப் பொறுப்பானவர்) நீங்கள்தான், இதைக் கண்காணிக்கிற ரெகுலேட்டரிடம் பதிவு செய்துவிட்டீர்களா? 2021 ஜூலை 1 முதல் சட்டம் முழுமையாக நடப்பில் இருக்கிறது, அபராதம் 1 கோடி ரேண்ட் வரை போகலாம்.

என்னைக் கேட்டால் மென்பொருளைவிடப் பெரிய ஆபத்து அந்த மூன்று போன்கள்தான். யாராவது ஒருவருடைய போன் டாக்சியில் தொலைந்தால் இருநூறு குடும்பத்தின் காகிதம் போகும். கிளையன்ட் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்த முடியாது, அவர்களுக்கு அதுதான் சுலபம். ஆனால் வந்ததை அன்றைக்கே கிளையன்டின் கோப்பில் போட்டுவிட்டுப் போனிலிருந்து அழிக்கிற பழக்கம் வேண்டும். ஒரு கிளிக்கில் கோப்பில் சேர்க்க வழி தருகிற மென்பொருளா என்று பாருங்கள்.

லெனேசியா:
ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். இரண்டு விஷயம். விலை டாலரிலா ரேண்டிலா என்று முதலிலேயே கேளுங்கள், டாலர் சப்ஸ்கிரிப்ஷன் என்றால் ரேண்ட் விழும்போதெல்லாம் உங்கள் பில் ஏறும். அடுத்தது, வெளியே வருகிற வழி. எல்லா கிளையன்டையும், குறிப்புகளையும், இணைத்த கோப்புகளையும் சேர்த்து இறக்கிக்கொள்ள முடியுமா? பெயர், போன் எண் மட்டும் எக்செலாக வரும், கோப்புகள் வராது என்பார்கள், அப்படிப்பட்டதில் மாட்டாதீர்கள். இலவச மாதத்திலேயே பத்து கிளையன்டைப் போட்டு, இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸுக்கு ஏற்கெனவே பணம் கட்டுகிறீர்களா? லிஸ்ட்ஸ், பிளானர் (வேலைப்பட்டியல்), ஷேர்பாயின்ட் மூன்றும் அதிலேயே வருகின்றன. கிளையன்ட் பட்டியல் லிஸ்ட்ஸில், கோப்பு ஷேர்பாயின்டில் வைத்தால் தங்கை வீட்டிலிருந்தே பார்க்கலாம். கோப்புகளைக் கம்ப்யூட்டருக்கு ஸிங்க் பண்ணி வைத்தால் 2023இல் இருந்த மாதிரி தினமும் லோட்ஷெடிங் (மின்வெட்டு) திரும்பி வந்தாலும் லேப்டாப் பேட்டரி உள்ளவரை வேலை நிற்காது. தேதி எல்லாம் தானாக வராது, முதல் தடவை உட்கார்ந்து போடத்தான் வேண்டும், அதில் பீனிக்ஸ் அக்கா சொன்ன குறை இருக்கிறது. ஆனாலும் மூன்று பேருக்கு இதிலேயே ஓராண்டு ஓட்டிப் பார்த்தால் உண்மையில் எது தேவை என்று தெரிந்துவிடும்.

சாட்ஸ்வொர்த் கணக்கு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 365 இருக்கிறது, மெயிலுக்கும் எக்செலுக்கும் மட்டும்தான் பயன்படுத்துகிறோம். இன்னொரு சந்தேகம். பழைய வருஷக் கோப்பு எல்லாவற்றையும் புதிதில் ஏற்ற வேண்டுமா? எப்போது மாறுவது?

பீனிக்ஸ் அக்கா:
எல்லாம் வேண்டாம் தம்பி. ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்து ஐந்து வருஷம் காகிதத்தை வைத்திருக்கச் சட்டம் கேட்கிறது, ஆடிட்டோ ஆட்சேபமோ நடந்தால் அது முடியும்வரை. வைத்திருந்தால் போதும், புது மென்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பழையதைப் பாஸ்வேர்ட் போட்ட ஒரு ஃபோல்டரில் வருஷவாரியாகப் பூட்டி, பேக்அப் எடுத்து வையுங்கள். இப்போது வேலை நடக்கிற கிளையன்டை மட்டும் ஏற்றுங்கள், அதிலும் வாட் கிளையன்ட் முதலில். சம்பளக்காரர்களை அவரவர் வரும்போது ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொள்ளலாம், வரும்போதே போன் எண்ணும் விலாசமும் மாறியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பிப்ரவரி ப்ரொவிஷனல் முடிந்ததும் மார்ச்சில் ஆரம்பியுங்கள். மேயில் ஈஎம்பி501 (முதலாளிகள் போடும் பேயி கணக்குச் சரிபார்ப்பு) வந்துவிடும், அதற்குள் வாட் கிளையன்ட் எல்லோரும் உள்ளே இருந்தால் சீசனுக்கு நீங்கள் தயார். பெயர்களைச் சரிபார்க்கிற வேலையைத் தங்கையிடம் மட்டும் கொடுங்கள். மூன்று பேரும் சேர்ந்து அடித்தால் ஒரே கோவெண்டர் மூன்று விதமாக உள்ளே போய்விடுவார்.