வளரும் நாடுகளில் மின்வணிகம்: ஆய்வுக்கு எந்தக் காரணிகளை எடுப்பது?

கேள்வி (ஆய்வு மாணவி):
வணக்கம். வளரும் நாடுகளில் சிறு, நடுத்தர நிறுவனங்கள் மின்வணிகத்துக்கு மாறுவதை எது தீர்மானிக்கிறது என்பது என் தலைப்பு. இணையம், செலவு, பயிற்சி, சட்டம், நம்பிக்கை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. டேவிஸின் தொழில்நுட்ப ஏற்பு மாதிரி (1989) மட்டும் போதுமா? கேள்வித்தாளில் "மின்வணிகம் செய்கிறீர்களா? ஆம் / இல்லை" என்று வைத்திருக்கிறேன்.

நெறியாளர்:
அந்த ஆம்/இல்லையை முதலில் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கிக் காசைக் கையில் வாங்குபவரும் "ஆம்" என்பார். ஆர்டர் விழுந்ததுமே இருப்புக் கணக்கு தானாகக் குறையும் நிறுவனமும் "ஆம்" என்னும். மொல்லா, லிக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2005இல் வெளியிட்ட மாதிரியில் ஆறு படிகள் உண்டு: இணைப்பே இல்லை, மின்னஞ்சல் அளவில், விவரம் மட்டும் காட்டும் தளம், விசாரணை ஏற்கும் தளம், பணம் கட்டி வாங்கும் தளம், சப்ளையரும் உள்கணக்கும் இணைந்த நிலை. தென்னாப்பிரிக்க நிறுவனங்களில் அவர்கள் கண்டது: உள்ளே நுழைவதற்குப் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்தத் தயார்நிலைதான் காரணம், வெளிச்சூழலின் பங்கு அதன் பிறகு, காலூன்றும்போதுதான் தெரிகிறது. படியைப் பிரிக்காமல் அளந்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

டேவிஸ் மாதிரி ஒரு தனிமனிதர் ஒரு மென்பொருளை ஏற்பதை விளக்க வந்தது. நிறுவன அளவுக்கு டோர்னாட்ஸ்கி, ஃப்ளைஷரின் தொழில்நுட்பம்–நிறுவனம்–சூழல் சட்டகம் (1990) பொருந்தும். முதலாளி ஒருவரே எல்லாம் முடிவு செய்யும் இடத்தில் டேவிஸும் ஓரளவு கைகொடுப்பார் என்பது வேறு விஷயம்.

சரக்கும்_பணமும் (மற்றொரு பயனர்):
"இணைய வசதி" என்று ஒரே வரியில் கேட்டால் ஒன்றும் தேறாது. ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாட்டின் மின்வணிகக் குறியீட்டிலேயே இணையப் பயனர், பாதுகாப்பான சர்வர் ஆகியவற்றோடு, நிதிக் கணக்கு வைத்திருப்போரும் அஞ்சல் நம்பகத்தன்மையும் சேர்ந்தே வருகின்றன. பணம் செலுத்தும் வழி திறந்தால் மட்டும் போதாது. 2007இல் தொடங்கிய எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை, கென்யாவில் வங்கிக் கணக்கு இல்லாதவரையும் போனிலேயே பணம் அனுப்ப வைத்தது. ஆனால் பார்சல் வாசலுக்குப் போக முகவரி வேண்டுமே. தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாத ஊரில் டெலிவரி ஆள் போனில் வழி கேட்டுத்தான் போகிறார். அழைப்பை எடுக்காவிட்டால் பார்சல் திரும்பிவிடும்.

வாசலில் பணம் வாங்கும் முறையில் திரும்பிய பார்சலுக்குப் போன கட்டணம், வந்த கட்டணம் இரண்டும் பெரும்பாலும் விற்பவர் தலையில்தான். விற்ற பணமும் கூரியர் நிறுவனம் கணக்கு முடித்த பிறகே வரும்; அதற்குள் அடுத்த சரக்கு எடுக்க வேண்டும். ஆகவே நடைமுறை மூலதனத்தை (அன்றாடத் தொழிலுக்குக் கையில் சுழலும் பணம்) தனிக் காரணியாக வையுங்கள். இப்படிக் கேளுங்கள்: 100 ஆர்டரில் எத்தனை திரும்புகிறது? முகவரி கிடைக்காமலா, ஆள் இல்லாமலா, வாங்க மறுத்தா? டெலிவரிக்குப் பின் எத்தனை நாளில் பணம் ஏறுகிறது?

இன்னொன்று, விற்பனை முழுக்கப் பதிவாகி வரிக்கு மாட்டிக்கொள்வோம் என்ற பயம். நேரடியாகக் கேட்டால் யாரும் டிக் போடமாட்டார்கள். "உங்கள் தொழிலில் இருப்பவர்கள் தயங்குவது ஏன்?" என்று பிறர் மேல் வைத்துக் கேளுங்கள்.

அளவீடு (இன்னொரு பயனர்):
ஆய்வுக்கான நிறுவனங்களை இணைய டைரக்டரியிலிருந்து எடுக்காதீர்கள். மாறாதவர்கள் அதில் இருக்கவே மாட்டார்கள். தொடங்கிவிட்டுக் கைவிட்டவர்களைத் தனிக் குழுவாக வையுங்கள், காரணம் அவர்களிடம்தான் தெளிவாகக் கிடைக்கும்.

காரணி, படி இரண்டையும் ஒரே முதலாளி ஒரே தாளில் நிரப்பினால் தொடர்பு செயற்கையாக ஏறிவிடும். படியை நீங்களே பாருங்கள்: தளத்தைத் திறந்து, ஒரு பொருளைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம்வரை போய்ப் பாருங்கள். அங்கே "எங்களை அழைக்கவும்" என்று வந்தால் அது நான்காம் படிதான்.

ஆய்வு மாணவி:
மிக்க நன்றி. ஆறு படிக்கும் போதுமான நிறுவனங்கள் கிடைக்காவிட்டால்?

அளவீடு:
பக்கத்துப் படிகளைச் சேர்த்து மூன்றாக்கி, வரிசை லாஜிஸ்டிக் பகுப்பாய்வு (படிகளின் ஏறுவரிசையைக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) செய்யுங்கள். ஐந்தையும் ஆறையும் சேர்க்கும்போது மட்டும், இருப்புக் கணக்கு தளத்தோடு இணைந்திருக்கிறதா என்பதைத் தனி மாறியாகப் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.